கதையில் இருந்தவனுக்காக ஜெபித்தவர்

செல்வமணி அக்கா காலமான செய்தி எங்களுக்கு மேல்மாடியிலிருந்து வந்தது. டில்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் வரிசையில் தொலைபேசி இருப்பது மேல் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் மட்டும்தான். அவர் படிக்கட்டில் பாதி இறங்கி நின்று, "பேட்டீ, பப்பா கோ புலாவோ, ஜல்தி!" என்று அப்பாவை உடனே அழைக்கச் சொன்னார். முகத்தில் சவர நுரையோடு அப்பா மேலே ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கன்னத்தில் நுரை அப்படியே காய்ந்திருந்தது. "அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல் அக்கா என்றால் அவர் ஒருவர்தான்.

நம் சபை இதழ்க் குழுவில் பெரியவர்கள் இருக்கும்போது பதினோராம் வகுப்பு படிக்கும் என்னை இதை எழுதச் சொன்னதற்கு ஒரே காரணம், அவருடைய கதைகளை, இதழைப் படியெடுக்கும் ஸ்டென்சில் தாளில் எழுதியவள் நான் என்பதே. நம் சபைப் பிள்ளைகளில் தமிழ் எழுதுகிறவர்கள் குறைவு. அக்காவின் கையெழுத்தோ, அலுவலகத்தில் நாள் முழுவதும் சுருக்கெழுத்து எழுதியதாலோ என்னவோ, அவருக்கே சில சமயம் புரியாது. "ஏட்டி, இது என்னன்னு பாரு, உனக்காவது தெரியுதா?" என்று தாளை என்னிடம் நீட்டுவார். இரண்டு பேரும் சேர்ந்து ஊகிப்போம். சில நேரம் என் ஊகம் அவர் எழுதியதைவிட நன்றாக இருப்பதாகச் சொல்லி அதையே வைத்துக்கொள்வார்.

தாள்களை வாங்கிவர முதன்முதலாகக் கரோல் பாகில் அவர் குடியிருந்த அறைக்குப் போனபோது, கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. விருந்தாளி யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்து வெளியே நின்றேன். அவர் ஜெபித்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, அந்த ரூபியைக் கொஞ்சம் பாரும். அவ மாமியார்கிட்ட வாயைத் திறக்கவே மாட்டேங்கா" என்றார். ரூபி அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த கதையில் வரும் மருமகள். கதவு திறந்ததும் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "யாருக்காக ஜெபிக்க முடியலையோ, அவங்களைப் பத்தி எழுதக்கூடாதுட்டி. எழுதினா கேலியாப் போயிரும், இல்லன்னா பிரசங்கமாப் போயிரும்" என்றார்.

ஜெபித்தால் போதும் என்றும் அவர் நினைக்கவில்லை. வேலை தேடி அலையும் ஒருவனைப் பற்றி எழுதத் தொடங்குமுன், அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் மே மாத வெயிலில் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பி, "பெஹன்ஜி, லேடீஸ் லைன் உதர்" என்று பெண்கள் வரிசையைக் காட்டினாராம். "எனக்கு ஆம்பளைங்க லைன்தான் வேணும்னு எப்படி இந்தியில சொல்லுதது? பேசாம நின்னேன். பைத்தியம்னு விட்டுட்டான்" என்றார். அன்று மாலை கால் வீங்கியிருந்தது. அந்த வரிசையிலிருந்து கதைக்கு வந்தது ஒரே வாக்கியம்: நிற்கிறவர்கள் எல்லாரும் முன்னால் நிற்பவரின் காலர் அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கதையின் நாயகன் தேவசகாயம். உங்களில் பலர் அவனை மறந்திருக்க மாட்டீர்கள். வேலை கிடைத்துவிட்டதாக ஊருக்குப் பொய் சொல்லிவிட்டு முனிர்காவில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருப்பவன். கதை பாதியில் நின்றுவிட்டது. அடுத்து அவன் என்ன செய்வான் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் புதன்கிழமைப் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பங்களைக் கேட்டபோது, வீட்டில் ஜெபிக்கிற வழக்கத்திலேயே, "முனிர்காவில தேவசகாயம்னு ஒரு பையன். வேலையில்லாமக் கஷ்டப்படுதான். அவனுக்காக ஜெபிக்கணும்" என்று சொல்லிவிட்டார். உடனே எல்லாரும் கண்ணை மூடிவிட்டார்கள். மூடிய கண்களுக்கு முன்னால் விளக்கம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த புதனும் அவனுக்காக ஜெபம் நடந்தது. அதற்கடுத்த புதனும்.

பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புதன்கிழமைக் கூட்டத்து எஸ்தர் ஆன்ட்டி ஒரு பையைக் கொண்டுவந்து அக்காவின் கையில் வைத்தார். உள்ளே நீல நிற ஸ்வெட்டர். ஆன்ட்டியே பின்னியது. "எங்க வூட்டுக்காரர் ஆபீஸ்ல டெய்லி வேஜ்ல ஒரு எடம் இருக்குதாம். திங்கக்கெழம சர்டிபிகேட்டோட வரச் சொல்லு அந்தப் புள்ளய" என்றார். அக்கா ஸ்வெட்டரை மார்போடு பிடித்துக்கொண்டு, "எஸ்தரம்மா, அவன் என் கதையில வாரவன். நிசத்தில அப்படி யாரும் இல்ல" என்றார்.

"இன்னாது? ஆளே இல்லாத ஆளுக்கா நான் இத்தினி புதன்கெழமயும் உபவாசம் கெடந்தேன்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எஸ்தர் ஆன்ட்டி சிரிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. ஜெபக் கூட்டத்தில் பொய் வரலாமா என்று போதகர் வருத்தப்பட்டார். கதையை நிறுத்தி வைக்கும்படி இதழ்க் குழு சொல்லிவிட்டது. அக்கா எந்தச் சமாதானமும் சொல்லாமல் எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்டார். எழுதுவதைத் தவிர அவருக்கென்று இந்த ஊரில் ஏதும் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். இனி எழுதுவாரா என்று அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். "இந்த ஸ்வெட்டர் போடுததுக்கு ஒருத்தன் எங்கயாவது இருப்பான்லா? தேடணும்" என்றார். அப்பாவும் நானும் அவரோடு முனிர்காவுக்குப் போனோம். அக்கா வழி கேட்கவில்லை. எந்த மாடிக் கொடியில் லுங்கி காய்ந்ததோ, அங்கே நம் ஊர்ப் பையன்கள் இருப்பார்கள் என்று அந்தப் படியில் ஏறினார். அப்படி ஏறிய ஒரு மாடியில், சேலம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணனைக் கண்டோம். வேலை இல்லை, இருப்பதாக வீட்டுக்குச் சொல்லியிருந்தார். எஸ்தர் ஆன்ட்டி சொன்ன இடத்துக்கு அதற்குள் வேறொருவர் வந்துவிட்டதால் அவருக்கு நாங்கள் கொடுக்க முடிந்தது ஸ்வெட்டர் மட்டுமே. கை சற்றுக் குட்டை. அதைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "பொய் சொன்னது கூடப் பெருசு இல்லீங்க்கா. எனக்கு வேலை கெடச்சிருச்சுன்னு எங்கம்மா கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துட்டாங்க. இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இல்லைன்னு சொல்றது?"

திரும்பி வரும்போது பஸ்ஸில், இல்லாத வேலைக்காக முடி கொடுத்த தாயும், இல்லாத மனிதனுக்காகப் பட்டினி கிடந்த எஸ்தர் ஆன்ட்டியும் அவர் மனதில் ஒன்றாக நின்றிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வாரமே கதையின் முடிவைக் கிழித்துப்போட்டார். அந்தப் புதன்களுக்கு இடையில் ஒருவழியாக எழுதி வைத்திருந்த அந்த முடிவில் தேவசகாயம் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் அழுது மனந்திரும்புவான்; உடனே வேலையும் கிடைக்கும். புதிய முடிவில் அவன் ஊருக்கு ரயில் ஏறி, தாயின் மொட்டைத் தலைக்கு முன்னால் வந்து நிற்கிறான். வாயைத் திறக்கிறான். அதோடு கதை முடிகிறது.

இதழ்க் குழு எங்கள் வீட்டில் கூடியது. "மனந்திரும்புதல் எங்கேம்மா?" என்று போதகர் கேட்டார். "அவன் இன்னும் அங்கன வந்து சேரல்லையே ஐயா. நான் கழுத்தைப் புடிச்சுத் தள்ளினா அது அவன் திரும்புததா, நான் திருப்புததா?" என்றார் அக்கா. அம்மா கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்போது, அம்மாவுக்கு உதவ வந்திருந்த, அன்றுவரை அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசாத எஸ்தர் ஆன்ட்டி, "போடுங்க ஐயா. அவனுக்காகப் பட்டினி கெடந்தவ நான். அவன் இன்னா ஆனான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்" என்றார். கதை இதழில் வந்தது. அந்த ஸ்டென்சிலை எழுதும்போது மட்டும் ஒரு பிழைகூட விழவில்லை.

அக்காவை மருத்துவமனையில் சேர்த்தபோது, புதன்கிழமைப் பெண்கள் மறுபடியும் உபவாசமிருந்தார்கள். "இந்தத் தடவ நெசமான ஆளுக்கு" என்று எஸ்தர் ஆன்ட்டி சொல்ல, அக்கா சிரித்து இருமினார். நான் ஒரு கதை தொடங்கியிருப்பதை அன்றுதான் அவரிடம் சொன்னேன். தமிழ் படிக்கத் தெரியாத டில்லிப் பெண் ஒருத்தி, ஊரிலிருந்து வந்த தாத்தாவோடு பேச முயல்வது பற்றிய கதை. "அவ பேரு என்ன?" என்றார். இன்னும் வைக்கவில்லை என்றேன். "பேரு இல்லாம நான் எப்படிட்டி ஜெபிக்க?" அவசரத்தில் லில்லி என்று சொல்லிவிட்டேன். கையில் ஊசி ஏறியிருந்ததால் அவரால் கைகளைக் கூப்ப முடியவில்லை. கண்ணை மூடி, "ஆண்டவரே, லில்லிக்கு வார்த்தை கொடும்" என்றார். தனக்காக அவர் எதுவும் கேட்டதை நான் கேட்கவில்லை.

நாம் இத்தனை பேர் ஜெபித்தும் அவர் எழுந்து வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல் எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் நம் சபையில் இல்லை. அதனால் இதை எழுத உட்கார்ந்தபோது அவர் பெயரைச் சொல்லி என்ன கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் சும்மா இருந்தேன். பிறகு லில்லிக்காக ஜெபித்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவள் அவள்தான். சாகக் கிடந்த ஒருவர் அவளுக்காகக் கண்ணை மூடியிருக்கிறார். இனி அவளைப் பாதியில் விட எனக்கு உரிமை இல்லை.