கிழக்குப் பக்கச் சுவர்

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளக்ஸ் பேனர் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். பேனர் தொழிலில் சன்போர்டு என்று ஒரு வெள்ளைப் பலகை உண்டு. கத்தியால் கோடு இழுத்தால் பிஸ்கட் போல உடையும். அதில் மீந்த துண்டுகளைத் தூக்கிப்போட மனசு வராமல் வீடு, பஸ், ரயில்வே கேட் என்று அளவு பிசகாத சின்னச் சின்ன மாடல்கள் செய்ய ஆரம்பித்தேன். அளவு பிசகாத என்று சொன்னது என் ஆசை. நடந்தது வேறு.

முதலில் செய்தது ஒரு டவுன் பஸ். அதைத் தெர்மாகோலில் செய்து, மேலே ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் பட்ட இடமெல்லாம் தெர்மாகோல் கரைந்து, பஸ் என் கண் முன்னாலேயே உள்வாங்கிப் படுத்துவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்சிடென்டான பஸ்ஸா? தத்ரூபமா இருக்குங்க" என்றாள். அடுத்தது அரியலூர்ப் பக்கத்து ரயில்வே கேட். கேட்டை ஒழுங்காகத்தான் செய்தேன். பக்கத்தில் நிறுத்தக் கடையில் பிளாஸ்டிக் ஆடு ஒன்று வாங்கினேன். வைத்துப் பார்த்தால் ஆடு ரயிலைவிட உயரம். கடைக்கு வந்த ஒருவர், "நம்ம ஊரு மண்ணுல தோண்டி எடுத்தாங்களே டைனோசரு, அதுங்களா சார்?" என்று நிஜமாகவே கேட்டார். இன்னொரு நாள் பசையில் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டு, சாமியார் முத்திரை பிடித்த கையோடு பகல் முழுக்க பில் போட்டேன்.

இதையெல்லாம் நானே சொல்லிச் சிரிப்பேன். ஆனால் யாராவது இதைப் பொம்மை என்று சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

போன வைகாசியில் என் தங்கை புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். உடையார்பாளையம் தாண்டி ஜெயங்கொண்டம் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போனால் அவள் ஊர். முந்திரிக் காடும் கொஞ்சம் நஞ்சையும் உள்ள குடும்பம். எங்கள் பக்கம் பெண் புது வீடு குடிபோனால் பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும். ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தட்டுகளை அடுக்கி, மேளம் வைத்து, ஆளுக்கொரு தட்டாகத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து போவோம். அந்தச் சீரில் அவள் வீட்டையே ஒரு மாடலாகச் செய்து தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

"ஒரு மிக்சி வாங்கிக் குடுத்துட்டு மானமா வந்துருவோங்க" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு போன் போட்டு வீட்டு பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அனுப்பிவிட்டு மறுபடி அவரே கூப்பிட்டார்.

"மச்சான், காம்பவுண்ட வுட்றாதீங்க. கெழக்குப் பக்கம் இன்னும் செவுரு எழுப்பல. மாடல்ல நல்லா ஒசரமாவே வச்சிருங்க. வர்றவங்க பாக்கட்டும்."

அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் அவருடைய அண்ணன் வீடு. புது வீட்டு சன்ஷேடு அண்ணன் பக்கம் அரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்த பேச்சு, வார்த்தை தடித்து, அண்ணன் தம்பி இருவரும் முகம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். பால் காய்ச்சி முடித்ததும் நடுவில் சுவர் எழுப்பியே தீருவது என்று மாப்பிள்ளை ஹாலோபிளாக் கல் இறக்கி அடுக்கியும் வைத்துவிட்டார்.

ஆண்கள் சண்டை அவர்களோடு போகட்டும். அந்த இரண்டு வீட்டுச் சமையலறைக் கதவுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. இடையில் ஒரு சந்து, அவ்வளவுதான். என் தங்கைக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது, எங்கள் அம்மா இல்லாத குறையே தெரியாமல் அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி எழுப்பி உட்கார வைத்தது அவளுடைய ஓரகத்திதான், அதாவது அந்த அண்ணன் மனைவி. இவள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சண்டைக்குப் பிறகு அவர்களும் பேச முடியாமல், சந்தில் பாத்திரம் கழுவும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி.

"செவுரு எழும்பிடுச்சுன்னா அந்த மூஞ்சியும் தெரியாதுண்ணே" என்று போனில் சொன்னாள். நான் மாப்பிள்ளையிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாம். நீ பேசினா, பொறந்த வூட்ட ஏவி வுடுறேன்னு ஆயிடும்" என்றாள். மாப்பிள்ளை சொல்லைத் தட்டும் வழக்கமும் எங்களிடம் கிடையாது. அவர் கேட்டபடி உயரமாகவே ஒரு சுவரை அறுத்தேன். அறுக்கும்போது மனசு கசந்தது.

ஒரு அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் வீடு வளர்ந்தது. சன்ஷேடு, மாடிப்படி, இருமல் மருந்து மூடியில் தண்ணீர்த் தொட்டி, வாசலில் கோலம்கூடப் போட்டேன். காம்பவுண்டை முன்பக்கம், மேற்கு, பின்பக்கம் என்று ஒட்டிக்கொண்டே வந்தபோது டியூப் பசை தீர்ந்துவிட்டது. அன்றைக்குக் கடைத்தெரு முழுக்க ஏதோ விடுமுறை. கடைசியாக மிஞ்சிய கிழக்குச் சுவரை குளூ கன்னில் ஒட்டினேன். சூட்டில் உருகி, ஆறினால் பிடித்துக்கொள்ளும் மெழுகு மாதிரியான பசை அது. சூட்டில் உருகுவது மறுபடியும் சூட்டில் உருகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் வைகாசி வெயிலில் பேனர் கட்டிய ஆளுக்கு இது தோன்ற வேண்டாமா?

வேனில் மாடலை எங்கே வைப்பது என்று பெரிய பஞ்சாயத்து நடந்தது. பின்னால் வைத்தால் தேங்காய் மூட்டை சாயும் என்று நானே முன் கண்ணாடிக்குக் கீழே, டிரைவர் பக்கத்தில் வைத்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து உடையார்பாளையம் என்று வழி முழுக்க வெயில் அதன் மேலேயே அடித்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள்கூட குனிந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிள்ளையார் கோயிலில் இறங்கித் தட்டு எடுத்தோம். மனைவி கையில் குத்துவிளக்கு. சித்தி, பெரியம்மா, பங்காளி வீட்டுப் பெண்கள் என்று வந்த எல்லோர் கையிலும் பழம், பாக்கு, புடவை, பருப்பு. எல்லோருக்கும் முன்னால் இரண்டு கையாலும் வீட்டை ஏந்திக்கொண்டு நான். மேளம் முழங்கியது. தெருவே வாசலில் நின்று பார்த்தது.

தங்கை வீட்டுக்குப் போக அந்த அண்ணன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மாப்பிள்ளை அவர்களை நேரில் போய் அழைக்காமல், வேறு யாரிடமோ பத்திரிகையைக் கொடுத்தனுப்பியிருந்தார். அப்படி அழைத்தால் யார் வருவார்கள்? அண்ணன் வெளியே தலைகாட்டவில்லை. அவர் மனைவி, தங்கைக்குச் சோறு ஊட்டிய அந்த அம்மா மட்டும் தன் வீட்டு கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். பழைய புடவைதான், ஆனால் தலையில் பூ வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது.

சரியாக அவர் முன்னால் வரும்போது கிழக்குச் சுவர் வழுக்கியது. முதலில் மெல்ல வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. நான் "ஐயோ" என்பதற்குள் தெருவில் விழுந்துவிட்டது. நான் குனியப் போனேன், மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி உருள ஆரம்பித்தது. அதைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் ஊர்வலம் மொத்தமும் நின்றது. மேளக்காரர் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

"புது வூட்டுக்குப் போறப்ப செவுரு வுழுவுதே, நல்லதுக்கா இது?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியம்மா குரல். தங்கை வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். அவள் பால் காய்ச்சும் நாளில் அபசகுனத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தவன் அவள் அண்ணன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

யாராவது அதை எடுங்களேன் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோர் கையிலும் தட்டு. சீர்த் தட்டை வழியில் தரையில் வைக்கக் கூடாது. பக்கத்தில் கை காலியாக நின்ற ஒரே ஆள், நேரில் அழைக்கப்படாத அந்த அம்மாதான்.

அவர் வந்தார். குனிந்து சுவரை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்தார். "தம்பி, ஒங்க செவுரு" என்று நீட்டினார். எதில் வாங்குவது? தாடையைத் தொட்டியிலிருந்து எடுக்காமல், "நீங்களே கொண்டாந்துருங்கக்கா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வேறு வழியில்லாமல் சொன்னது.

ஒரு கணம் அவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நடந்து வந்தார்.

சீரோடு வருகிறவர்களை வீட்டு ஆண் வாசலில் நின்று, ஒருவர் விடாமல் வாங்க என்று அழைக்க வேண்டும். மாப்பிள்ளை, "வாங்க மச்சான், வாங்க, வாங்க" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த அம்மாவைப் பார்த்ததும் நின்றார். அவர் கையில் இருந்த சுவரையும் பார்த்தார்.

"வாங்கண்ணி" என்றார்.

என் தங்கை ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டு ஓடி வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "என்னக்கா கையில?" என்றாள்.

"ஒங்க செவுருதான். தெருவுல கெடந்துச்சு."

பந்தி போடும் நேரத்தில் அந்த அம்மா மட்டும் உட்காரவில்லை. "ஒங்கண்ணன் அங்க பசியோட கெடக்காரு. நாஞ் சொன்னா வர மாட்டாரு" என்று மாப்பிள்ளையிடம் நேராகவே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பிறகு சமையலறைக் கதவு வழியாகச் சந்துக்குள் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி பின்னால் வந்தார். சாப்பிட்டுவிட்டு என் மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பொம்மையில சன்ஷேடு சரியா நின்னுருக்கு பாரு. கட்டுனதுலதான் நீட்டிட்டான்" என்றார். நான் அளவு தப்பாக அறுத்ததுதான் அது. பொம்மை என்று சொன்னதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

சந்தில் சுவர் எழும்பவில்லை. மாடலிலும் அந்தப் பக்கத்தை மறுபடி ஒட்ட மாப்பிள்ளை விடவில்லை. அந்த ஊரில் இப்போது எனக்கு நல்ல பெயர். சண்டையைத் தீர்க்க நான் திட்டம் போட்டுத்தான் அந்தச் சுவரை விழுகிற மாதிரி ஒட்டினேன் என்கிறார்கள். மாப்பிள்ளையே, "எம்மாம் மூள மச்சான் ஒங்களுக்கு!" என்கிறார். இல்லை என்று நான் சொன்னால் தன்னடக்கம் என்று நினைக்கிறார்கள்.

தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் போன் செய்து, பசை தீர்ந்த கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தமும் தாளிக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

"தெரியும்ண்ணே" என்றாள். "சின்ன வயசுலேருந்து ஒன்னப் பாக்குறேன். நீ ஒட்டி எதுண்ணே நின்னுருக்கு? கோயில்லேருந்து நீ அந்த வூட்டத் தூக்கிட்டு வர்றத வாசல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாஞ் சரியா இருந்துச்சு. இந்த ஒரு தடவ பாத்து, அந்தச் செவுரப் போயி நல்லா ஒட்டிட்டியேன்னு அப்பதாண்ணே எனக்கு அழுகையே வந்துச்சு."