சும்மா கிடந்த ஃப்ளாப்பிகள்

திருடியிருக்கிறேன். ஏழு ஃப்ளாப்பி. அதுவும் சாமி படத்துக்கு முன்னால் பூஜையில் வைத்திருந்த பெட்டியிலிருந்து!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று வந்தால் கொலையோ, பெண் விவகாரமோ இருக்கும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் செருகும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சமாசாரம் என்றதும் சப்பென்று போய்விட்டது, இல்லையா?

உங்களை எனக்குத் தெரியும். காசு கொடுக்காத பாட்டுத்தான் உங்கள் வீட்டு டேப்பில் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய வீடியோ கேசட்டைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்கள். இப்போது சிடி வந்துவிட்டது, அதையும் விட்டுவைத்திருக்க மாட்டீர்கள். கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘சும்மாதானே கிடந்தது, யாருக்கு என்ன நஷ்டம்?’ நானும் அதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சும்மா! என்ன வசதியான வார்த்தை! உபயோகமில்லாமல் இருந்தாலும் சும்மா. விலை கொடுக்காமல் வந்தாலும் சும்மா. சும்மா கிடந்ததைச் சும்மா எடுத்தேன்... வழக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு மட்டும் முடியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னத் தொழிற்சாலை அது. கடைசல் மெஷின்கள் பன்னிரண்டு. கம்ப்யூட்டர் ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஒன்றே பெரிய விஷயம். அதற்குத் தனியறை, குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதில் நான், சேவியர், சான்றிதழ் வைத்திருந்தவன்!

அந்த அறையிலும் ஒரு சரஸ்வதி படம் உண்டு. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் புதுசாகப் பத்து ஃப்ளாப்பி உள்ள ஒரு பெட்டியை வாங்கிப் பொட்டு வைத்துப் படத்துக்குக் கீழே பலகையில் வைப்பார்கள். மறுநாள் அதை எடுத்துப் பயன்படுத்துவதுதான் முறை. ஆனால் எங்கள் முதலாளிக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல். அடுத்த ஆயுத பூஜைவரை அதை யாரும் தொடக்கூடாது என்றுவிட்டார். வருடம் முழுக்கப் பத்து ஃப்ளாப்பி பொட்டோடு உட்கார்ந்திருக்கும். வேலைக்கு ஃப்ளாப்பி இல்லாமல் நான் பழசையே தேய்த்துக்கொண்டிருப்பேன். எரிச்சலாக வரும்.

மற்றவர்கள் தொடமாட்டார்கள். சாமி கண்ணைக் குத்தும் என்ற பயம். நான் கத்தோலிக்கன். அந்தச் சாமி என் கண்ணை எதற்குக் குத்தவேண்டும்?

இனி ஏகாம்பரத்தைச் சொல்லவேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை... சொல்கிறேன்.

ஏழாம் நம்பர் மெஷினில் நின்றவன். வானகரத்திலிருந்து சைக்கிளில் வருவான். அவனுடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். ‘அவர்’ என்று எழுதவேண்டும், தெரியும். அன்றைக்கு நான் அப்படி நினைக்கவில்லை, இப்போது மட்டும் மரியாதைக்காரன் வேஷம் எதற்கு?

இந்த ஆளுக்குத் திடீரென்று கம்ப்யூட்டர் ஆசை! மாலையில் எங்கோ வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டான். எந்த இரும்புக்கு எந்த உளி, எவ்வளவு வேகம், எத்தனை உருப்படி கடைந்ததும் உளியைத் தீட்டவேண்டும்... பதினைந்து வருடம் கையில் படிந்ததை எல்லாம் ஒரு புரோகிராமாக எழுதுகிறேன் என்று முதலாளியிடம் போய் நின்றான். முதலாளியும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என் அறையில் உட்கார அனுமதி கொடுத்துவிட்டார்.

மரத்தூளைப் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகும்வரை கழுவிக்கொண்டு வருவான். வாசலில் நின்று, “உள்ள வரலாமா சார்?” என்பான். ஒற்றை விரலால் தட்டுவான். அந்த டக்... டக்... சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து சாப்பிடப் போய்விடுவேன்.

“கம்பெனி மெஷினுக்குள்ள உன் சொந்த வேலையை வைக்காதே. ஃப்ளாப்பியில போட்டு எடுத்துக்கிட்டுப் போ. சனிக்கிழமையானா நான் எல்லாத்தையும் அழிச்சிடுவேன்” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அப்படி ஒரு விதியே கிடையாது. நானே போட்டது.

பொங்கலுக்கு முன்னால் முதலாளி அவனிடம் என் எதிரிலேயே சொன்னார். “பொங்கல் முடிஞ்சு திங்கக்கிழமை காட்டு. நல்லா இருந்தா உன் வேலை இனிமே இந்த ரூம்லதான்.” சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். இருந்தது ஒரு நாற்காலி என்று முன்பே சொன்னேன்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. ஆவடியில் எனக்கு ஒரு நண்பன். அவனிடம் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று வந்திருந்தது. அதுவும் யாரோ யாரிடமிருந்தோ காசில்லாமல் எடுத்ததுதான். ஏழு ஃப்ளாப்பி கொண்டுவந்தால் பிரதி போட்டுத் தருகிறேன் என்றான். மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பலகையில் பெட்டி இருந்தது. எடுத்தேன். அந்த இடத்தை என் மேஜை இழுப்பறையில் கிடந்த கெட்டுப்போன ஃப்ளாப்பிகளால் நிரப்பிவிட்டு, பெட்டியைப் பழையபடி வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான். யாரும் பயன்படுத்தாதது. இன்னும் ஒன்பது மாதம் அங்கேயே இருந்து குப்பைக்குப் போகப்போவது. இதில் என்ன பாவம்?

அடுத்த மாதம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். பங்குக் கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டேன். ஏழு ஃப்ளாப்பி திருடினேன் சாமி என்றேன். பங்குச் சாமியாருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. “கேசட் மாதிரி, சாமி.” “புதுசா, உபயோகிச்சதா?” “புதுசு சாமி. சும்மா கிடந்தது.” அவர் பெருமூச்சு விட்டது மறைப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. வாங்கித் திரும்ப வைத்துவிடு, மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல் என்றார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை நீளம்.

மூன்று! அவர் வாயிலிருந்து வேறு எண் வந்திருக்கக்கூடாதா?

ஏனென்றால் பெட்டியில் இருந்தது பத்து. நான் ஏழைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேட்காமல் படித்துக்கொண்டு வருகிறீர்கள்!

இப்போது கேளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் முன்னால் இருந்த மூன்றிலும் குங்குமப் பொட்டு இருந்தது. முதலாவதில் ஒன்று. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று. பூஜையில் வைக்கிறவன் பெட்டிக்குப் பொட்டு வைப்பான். உள்ளே இருப்பதற்கு எண்ணி எண்ணியா வைப்பான்? மூன்றையும் மெஷினில் போட்டுப் பார்த்தேன். வரிசை வரிசையாக வந்தது. உளி, வேகம், இரும்பு... ஏகாம்பரம் ஆங்கில எழுத்தில் அடித்திருந்த தமிழ்ச் சொற்கள். நன்றாக இருந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது! சான்றிதழ் வைத்திருந்த என்னால் அதைச் செய்திருக்க முடியாது. கடைசல் மெஷின் முன்னால் பதினைந்து வருடம் நிற்காதவனால் செய்யவே முடியாது.

ஆள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று பார்த்தீர்களா? யாரும் கைவைக்காத இடம் சாமி முன்னால்தான் என்று நம்பியிருக்கிறான். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவன் வேறு கோயிலுக்குப் போகிறவன் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு வேண்டியது ஏழு. காலியாக இருந்ததும் ஏழு. அந்த மூன்றை நான் தொடவேண்டிய அவசியமே இல்லை.

துடைக்கச் சொன்னேன். மெஷின் கேட்டது. இதில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. அதற்குக்கூட அந்த நியாயம் இருந்தது! ஆம் என்றால் ஒரு எழுத்து. தட்டினேன். மூன்று முறை கேட்டது, மூன்று முறையும் தட்டினேன். பொட்டு அழியாமல் பிடித்துப் பெட்டியில் திரும்ப வைத்தேன்.

திங்கட்கிழமை ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். முதலாளி நின்றுகொண்டிருந்தார். மூன்று ஃப்ளாப்பியையும் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்; காலையில் நான் வருமுன்பே பெட்டியிலிருந்து எடுத்திருக்கவேண்டும். ஒற்றைப் பொட்டைப் போட்டான். ஒன்றும் இல்லை. இரட்டைப் பொட்டு. ஒன்றும் இல்லை. மூன்றாவதை ஊதிவிட்டுப் போட்டான். அதிலும் இல்லை. “இதுலதான் சார் இருந்திச்சு... வெள்ளிக்கெழம கூட பாத்தேன் சார்...” என்றான். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. “சரி விடு. தலையில இருக்குதுல்ல? இரண்டு மாசம் எடுத்துக்கோ, திரும்ப எழுது” என்றார். ஆக, இன்னும் ஒன்றும் முடிந்துபோகவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்!

மறுநாள் மதியம் வாசலில் வந்து நின்றான். கை கழுவியிருக்கவில்லை. உள்ளே வரவும் இல்லை.

“சார், உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். யாராண்டயும் சொல்லிடாத. அந்த ஃப்ளாப்பி நான் வாங்கினது இல்ல சார். சாமிக்கு வெச்ச டப்பாலேர்ந்து எட்த்தது. சும்மாதான கீதுன்னு எட்த்துட்டேன். மூணே மூணு... வேல முடிஞ்சா புதுசு வாங்கி வெச்சுடலாம்னு இருந்தேன். சாமிக்கு வெச்சதுல கை வெச்சேன்ல... அதான் சாமியே அழிச்சிட்ச்சா? நீ பட்ச்சவன். இன்னா சார் சொல்ற, அப்டித்தானா?”

அதே சும்மா! என் வார்த்தை அவன் வாயில்!

மெஷினில் கோளாறு வந்திருக்கும், தூசி பட்டிருக்கும், திரும்ப எழுதுங்கள் அண்ணாத்தே என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். உண்மைகூட வேண்டாம், ஒரு பொய் போதும்! அந்த மனுஷன் அன்றைக்கே உட்கார்ந்து டக் டக்கென்று ஆரம்பித்திருப்பான்.

“ஆமாம். இருக்கலாம்” என்றேன்.



“நீ வேற சாமி கும்புட்ற ஆளு. உனக்கே அப்டித் தோணுதுன்னா கரீட்டாத்தான் இருக்கும்” என்றான். ஏழாம் நம்பர் மெஷினுக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு ஏகாம்பரம் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜை அன்று மட்டும் வந்தார். கையில் ஒரு புதுப் பெட்டி, அவரே கடைக்குப் போய் வாங்கியது. உறை பிரிக்காமல், மூன்று பொட்டு வைத்து, சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “தப்புக்கு சாமிக்குக் காசு முடிஞ்சு வெப்பாங்கல்ல, அது மாதிரி சார்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். மூன்று எடுத்ததற்கு அவர் பரிகாரம் செய்துகொண்டிருக்கிறார், ஏழு எடுத்து அந்த மூன்றையும் அழித்தவன் பக்கத்தில் நின்று பொரிகடலை தின்றுகொண்டிருக்கிறேன்!

போன வருடம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஏகாம்பரம் ஐயப்பன்தாங்கல் பக்கம் ஏதோ ஒரு குடோனில் காவலுக்கு நிற்கிறாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. போய் என்ன சொல்ல? உங்கள் சாமி ஒன்றும் செய்யவில்லை, நான்தான் என்றா? இனி அவருக்கு அந்த உண்மை எதற்கு? இப்படிக் கேட்டுக்கொள்வதும் என் கோழைத்தனம்தான், எனக்குத் தெரியாதா!

கடைசி நாளில் அறையைக் காலி செய்தபோது அவருடைய பெட்டி பலகையில் அப்படியே இருந்தது. யாரும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆமாம், அதையும்தான்! இரவலாகக்கூட இல்லை, கேட்காமல் எடுத்தேன். என் மேஜைமேல் இருக்கிறது. உறை பிரிக்கவில்லை. குங்குமம் மங்கிவிட்டது, ஆனால் மூன்றையும் எண்ண முடிகிறது.

மீண்டும் ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமே என்கிறீர்களா? மன்னிப்பு உங்களுக்கு அவ்வளவு மலிவு! வேறு ஒன்று செய்யுங்கள். அம்பத்தூர் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வந்து இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். பத்தும் புதுசு. ஒருவரும் தொடவில்லை. காசு வேண்டாம்.

வாருங்கள், எடுங்கள்... சும்மாதானே கிடக்கிறது!