இடது காலுக்கும் சிவப்பு

மூன்று வயதில் எனக்குப் போலியோ வந்தது. அதிலிருந்து என் இடது கால் வலது காலைவிட இரண்டு அங்குலம் குட்டை, பாதமும் சிறியது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். இத்தனை வருடங்களில் நான் போட்ட ஷூக்கள் எல்லாமே கறுப்பு. ஒரே ஒருமுறை பழுப்பு, அதுவும் அன்றைக்குக் கறுப்புத் தோல் தீர்ந்துபோயிருந்ததால்.

அடையாறில் என்னைப் போன்றவர்களுக்கு ஷூ செய்து தருகிற இடம் ஒன்று இருக்கிறது. காலை அளப்பார்கள், இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள், நடந்து காட்டச் சொல்வார்கள். என்ன நிறம் வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. வலியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டவர்களுக்கு, எனக்கும் ஒரு ஆசை இருக்கும் என்பது தோன்றவே இல்லை.

போன வருடம் அண்ணாவின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மயிலாப்பூரில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மாடியில் அண்ணா குடும்பம், கீழே நான். கல்யாண வரவேற்புக்குச் சிவப்பு ஷூ போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். அலுவலகத் தோழியைக் கூட்டிக்கொண்டு தி. நகர் போனேன். அவள் சாந்தோம் குப்பத்தில் பிறந்தவள், அம்மா இன்னும் மீன் விற்கிறார். குரலை இறக்கிப் பேச அவளுக்குத் தெரியாது.

கடைக்குள் நுழைந்ததுமே விற்பனையாளர் என் நடையைப் பார்த்துவிட்டார்.

“டாக்டர் செப்பல் எல்லாம் அந்தப் பக்கம் மேடம்.”

“எனக்கு செப்பல் வேண்டாம். மேல் தட்டில் இருக்கிற அந்தச் சிவப்பு ஷூ.”

“அது ஃபேன்சி ஐட்டம். உங்களுக்கு செட் ஆகாது மேடம்.”

என் தோழி முன்னால் வந்தாள். “இன்னா செட் ஆவாது? அவங்க கேட்டத எடு நைனா. ஆவுதா ஆவலியான்னு அவங்க பாத்துப்பாங்க.”

அவர் உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே மெரூன்.

“இது சிவப்பு இல்லை” என்றேன்.

“ரெட்டுதான் மேடம். கொஞ்சம் டீசன்ட்டான ரெட்.”

என் வயதுக்கும் என் காலுக்கும் எந்தச் சிவப்பு பொருந்தும் என்று இவர் எப்படி முடிவு செய்தார்? தட்டில் இருந்ததையே இறக்கச் சொன்னேன். செம்பருத்திச் சிவப்பு. தட்டையான அடி, மூடிய முன்பக்கம், பாதத்தின் மேலே பக்கிள் வைத்த பட்டை. பட்டை இல்லாவிட்டால் என் இடது பாதம் ஷூவுக்குள் நிற்காது. ஹீல்ஸ் என்ற பேச்சே இல்லை. கண்ணைப் பறிக்கும் ஷூ என்றால் குதிகால் ஊசியாக இருக்க வேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லையே.

அடுத்த சண்டை அளவுக்கு. என் இடது கால் நான்கு, வலது கால் ஆறு. ஜோடியைப் பிரித்துத் தர முடியாது என்றார். கேட்டால், கம்பெனி விதியாம். இரண்டு ஜோடியையும் வாங்கினேன். மனிதர்களுக்கு இரண்டு காலும் ஒரே அளவாகத்தான் இருக்கும் என்று எந்த மேசையில் உட்கார்ந்து விதி எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் தோழி சொன்னாள்: “வுடு. மிச்சம் ஒண்ணு ஒண்ணு கீதே, அதையும் தூக்கிப் போட்றாத.”

மறுநாள் அடையாறு. இடது ஷூவின் அடியில் இரண்டு அங்குலம் உயர்த்தித் தரச் சொன்னேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் என்னைவிட இளையவர், மரியாதையானவர். அந்த மரியாதைதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“செய்யலாம் மேடம். ஆனா அடிக்கட்டை கறுப்புலதான் வரும். சிவப்புக்குக் கீழ கறுப்புன்னா அசிங்கமா தெரியும். முழு கறுப்பா போட்டா யாருக்கும் தெரியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எனக்குக் கால் குட்டைன்னு யாருக்குத் தெரியாது? நான் நடந்தாலே தெரியுதே. அப்புறம் யாருக்காக மறைக்கிறீங்க?”

“இல்ல மேடம், சிவப்புன்னா கண்ணு நேரா அங்கதான் போகும்.”

“போகட்டும். அதுக்குத்தானே வாங்கினேன். என் காலை உயர்த்துறது உங்க வேலை. ஒளிச்சுவைக்கிறது இல்லை.”

அவர் ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்தார். பிறகு, அதே சிவப்பில் தோல் கிடைக்காது என்றார். பையிலிருந்து மிச்சமிருந்த இரண்டு ஷூக்களையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். “இதைப் பிரிச்சு எடுங்க.”

அப்படித்தான் அந்த அடிக்கட்டைக்குச் சிவப்புத் தோல் போர்த்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு தையல் கோணல், மற்றபடி குறையே இல்லை.

என்ன புடவை கட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சிவப்புப் புடவை கட்டினால் ஷூ அதில் தொலைந்துபோகும். சாம்பல் நிற சில்க் காட்டன், மெல்லிய கறுப்புக் கரை, கறுப்பு ரவிக்கை. சிவப்புக் கைப்பை வாங்கு என்று தோழி தொந்தரவு செய்தாள், மறுத்துவிட்டேன். உடம்பில் சிவப்பு ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். இதுவரை புடவையைத் தரையைத் தொடும்படி இறக்கிக் கட்டியே பழக்கம். வரவேற்பு அன்று கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டினேன். கண்ணாடிமுன் நின்றபோது கை தானாகவே கொசுவத்தைக் கீழே இழுத்தது. அந்தக் கையை நானே அதட்ட வேண்டியிருந்தது.

மன்னி, அண்ணாவின் மனைவி, கீழே வந்து பார்த்தாள்.

“நன்னாத்தான் இருக்கு. ஆனா வரவாள்லாம் உன் காலையேதானே பார்ப்பா? புடவையை இன்னும் செத்த இறக்கிக் கட்டிண்டா தெரியாது.”

“தெரியணும்னுதான் மன்னி ஏத்திக் கட்டிண்டிருக்கேன்.”

அவள் முகம் சுருங்கியது. அன்று காலையில் முகூர்த்தத்தின்போது மண்டபத்தில் வெறுங்காலோடு சாய்ந்து சாய்ந்து நடந்து தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது யாருக்கும் என் கால் உறுத்தவில்லை. சாயங்காலம் சிவப்பு ஷூவில் நேராக நடந்ததுதான் உறுத்தியது.

மேடையில் குடும்பப் படம் எடுக்க நின்றோம். வயதில் மூத்தவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. நான் உட்கார்ந்தேன். புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார்.

“மேடம், நீங்க பின்னாடி வந்துடுங்க. ஃப்ரேம்ல ஷூ தெரியுது.”

“எல்லார் ஷூவும்தானே தெரியறது?”

அவர் மன்னியைப் பார்த்தார். மன்னி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை. பழைய குடும்பப் படம் எதை எடுத்துப் பார்த்தாலும் நான் யாருடைய தோளுக்கோ பின்னால்தான் இருப்பேன். அன்று இடது காலைச் சற்று முன்னே நீட்டி உட்கார்ந்தேன்.

இரண்டு மாதத்தில் ஆல்பம் வந்தது. அந்தப் படத்தைத் தேடிப் போனேன். முழங்காலோடு வெட்டியிருந்தார்கள். என் ஒரு கால் தெரியக் கூடாது என்று குடும்பம் முழுவதற்கும் கால் போயிருந்தது. கல்யாணப் பெண் கடை கடையாக ஏறி வாங்கிய தங்க நிற ஹீல்ஸும் அதோடு போயிற்று.

ஸ்டுடியோவுக்குத் தொலைபேசினேன். “வீட்லதான் மேடம் வெட்டச் சொன்னாங்க” என்றார்கள். ஆல்பத்தோடு மாடி ஏறினேன். மன்னியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

“நான்தான் சொன்னேன்” என்றான் அண்ணா. “நாலு பேர் பாக்கற ஆல்பம். உன்னைப் பாத்து ஒத்தரும் பரிதாபப்படக் கூடாதுன்னுதான்.”

சிறு வயதில் என்னைச் சைக்கிள் பின்னால் வைத்துப் பள்ளிக்கு மிதித்தவன் அவன். அதனால்தான் இன்னும் வலித்தது.

“நாலு பேர் பரிதாபப்பட்டா அது அவா பாடு. நீ வெக்கப்பட்டிருக்கே அண்ணா. அதுக்கு என் பேரைச் சொல்லாதே.”

“வெக்கம்னு யார் சொன்னா?”

“வெட்டச் சொன்னியே, அதுதான் சொல்றது.”

மன்னி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் உட்காரவில்லை, காபியும் குடிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவனோடு பேசவில்லை.

அடுத்த வாரம் அவனே ஸ்டுடியோவுக்குப் போய் அந்தப் பக்கத்தை மாற்றி அச்சடித்து வாங்கிவந்தான். மன்னிப்பு கேட்கவில்லை. ஆல்பத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, “இப்போ சரியா இருக்கா பாரு” என்றான். சரியாக இருந்தது. எல்லாருக்கும் கால் இருந்தது.

விருந்தாளிகள் வந்தால் மன்னி இன்றும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுகிறாள். நான் பக்கத்தில் இருந்தால் கையை வைத்து நிறுத்துகிறேன்.