சுவர் மின்சாரம் தீண்டாத கிதார்

கோயென்ஜி வட்டாரத்தில் கிதார் வாசிக்கிறவர்களில் குராமோச்சியிடம் ஏச்சு வாங்காதவர் கிடையாது. பகலெல்லாம் மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற மனிதர், சாயங்காலமானால் மின்சாரத்துக்குத் தீட்டுப் பார்ப்பார். கிதாரின் ஒலியை மாற்ற, காலால் அமுக்குகிற பெடல்கள் ஐந்து அவர் பலகையில் இருந்தன. ஐந்தும் பேட்டரியில்தான் ஓடும். சுவரிலிருந்து வருகிற மின்சாரம் ஃப்ரிட்ஜும் லிஃப்ட்டும் எச்சில் பண்ணியதாம். புதுப் பேட்டரியும் ஆகாது. முக்கால்வாசி தீர்ந்ததில்தான் ஒலி கனியுமாம். அதற்காகவே ஒரு பழைய ரேடியோவில் போட்டு வடித்து எடுத்து வருவார். இந்தக் கூத்துக்கு அவர் வைத்த பெயர் ஞானம்.

கிரினோ என்ற பெண் ஒரே அடாப்டரிலிருந்து கிளை ஒயர் இழுத்து எல்லாப் பெடலுக்கும் கொடுப்பாள். அவளைக் கண்டாலே இவருக்கு இளக்காரம். சோறு பொங்குகிற பிளக்கில் பாட்டு வருமா என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் மட்டும் எதில் ஓடுகிறது என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, சின்னப் பெண்களுக்கு அதெல்லாம் புரியாது என்றுவிட்டார்.

அவர்களெல்லாம் வாசிக்கிற நிலவறை அரங்கில் குராமோச்சியின் குழு எப்போதும் முதலில் வாசிக்கிற குழு. பெரிய குழுக்களுக்கே தருகிற கடைசி இடத்தைக் கேட்டுக் கேட்டு உரிமையாளரின் உயிரை வாங்கி, ஒருவழியாக ஒரு சனிக்கிழமை கிடைத்தது. நன்றாக அமைந்தால் மாதாமாதம் கடைசி இடம் அவருக்கே என்று பேச்சு. கிடங்கு ஆட்களையெல்லாம் வரச்சொல்லியிருந்தார்.

அங்கே ஒத்திகை தலைகீழாக நடக்கும். கடைசியில் வாசிப்பவர்கள் முதலில் ஒத்திகை பார்த்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலில் வாசிப்பவர்கள் ஒத்திகை முடிந்த கையோடு வாசித்துவிடலாம். குராமோச்சிக்குக் காத்திருந்து பழக்கமில்லை. ஒத்திகை முடிந்ததும் ஒயர்களைப் பிடுங்காமலே பலகையை ஓரமாக வைத்து, யாரும் தொடக்கூடாதென்று துண்டு போட்டு மூடினார். ஒயர் செருகியிருந்தாலே பேட்டரி கரையும் என்பது கடைக்காரர்கள் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். ஞானிக்கு யார் பாடம் எடுப்பது?

அன்று அவருக்கு முன்னால் கிரினோ வாசித்து இறங்கியபோது, “என்னம்மா, சோறு வெந்துடுச்சா?” என்று கேட்டுவிட்டு மேடையேறினார்.

முதல் பெடலை அமுக்கினார். சத்தமில்லை. இரண்டாவது கரகரத்து ஓய்ந்தது. மற்றவையும் செத்துக் கிடந்தன. மாற்றுப் பேட்டரி வீட்டு ரேடியோவில் கனிந்துகொண்டிருந்தது. கிடங்கு ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, கிரினோ தன் அடாப்டரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இத வச்சுக்குங்க குராமோச்சி சான். வெக்கப்படாதீங்க, சோத்துக்கு நான் வேற வழி பாத்துக்கறேன்.”

மானம் போனால் போகிறதென்று வாங்கிக்கொண்டார். செருகத் துளை இல்லை. அழுக்கு மின்சாரம் தப்பித்தவறிக்கூட நுழையக்கூடாதென்று ஐந்து பெடல்களின் அடாப்டர் துளைகளையும் என்றோ அவரே பசை ஊற்றி அடைத்திருந்தார்.

வேறு வழியின்றி கிதாரை நேராக ஆம்பில் செருகி வாசித்தார். மூடி மறைக்க எதிரொலி இல்லை, இரைச்சல் இல்லை. அவர் விரல் செய்தது மட்டும் அப்படியே கேட்டது. இரண்டாவது பாட்டிலேயே கிடங்கு ஆட்கள் பீர் வாங்கப் போய்விட்டார்கள்.

இறங்கியதும் துண்டை மடித்தபடி, எல்லாம் அந்தச் சுவர் மின்சாரம் செய்த வேலை என்று ஆரம்பித்தார். இருபது வருடமாக அவர் பின்னால் டிரம் அடித்த ஒனொதெரா குச்சிகளைப் பைக்குள் போட்டுவிட்டு அவரையே பார்த்தார்.

“இத்தன வருஷமா இதயாடா வாசிச்சிட்டிருந்த?”