தாயார் பெயருக்குக் கட்டம் இல்லை

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் ரிக்கார்டு குமாஸ்தாவாக இருந்தேன். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை அனுப்புவதும் அவை பத்திரமாகத் திரும்பி வருவதும் உபதொழில். என்னிடம் பிறர் பாராட்டிய ஒரே விஷயம் கையெழுத்து. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான்.

அவரிடம் எப்போதாவது ஒருவனாகச் சில பையன்கள் வந்தார்கள். நாலு வயது வரை ஓடியாடியவன் அடிக்கடி விழ ஆரம்பிப்பான். எழுந்திருக்கும்போது கையை முழங்காலில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏணி ஏறுவது போல ஏறி நிமிர்வான். ஆடுசதை மட்டும் பருத்துக்கொண்டே போகும். "பயில்வான் காலு" என்று உறவுக்காரர்கள் தட்டிக்கொடுப்பார்கள். பத்து வயதுக்கு மேல் நடை நின்றுவிடும். மருந்து கிடையாது. உலகத்திலேயே தன் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தகப்பனாரும் பஸ் ஏறிப் போவார்.

"எல்லாரையும் ஒரே நோட்டுல எழுதணும்," என்றார் டாக்டரம்மா. "யார் யார், எங்கே இருக்காங்க, யாருக்கு யார் உறவு. என்னிக்காவது ஒரு மருந்து வந்தா, யாரைத் தேடிப் போகணும்னாவது தெரியும்."

நீளமான ரிஜிஸ்டர் ஒன்றில் சிவப்பு மையில் கோடு போட்டேன். எண், பெயர், வயது, தகப்பனார் பெயர், பூர்வீகம், விலாசம். கடைசியில், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா. ஒரு வருஷம் சைக்கிளில் அலைந்து நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை "இல்லை". அந்த இல்லைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தேர்வடம் போல நேராக நின்ற அழகைப் பார்த்து நானே பூரித்தேன்.

ஒருநாள் காட்டூரிலிருந்து ஒரு பெண், ஏழு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் அவர் கணவர் ஃபிட்டர். நான் எழுதுவதை மேஜைக்கு எதிர்ப்புறமிருந்து தலைகீழாகவே படித்தார்.

"எங்கம்மா பேரைக் கேக்கலீங்களே?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்க."

"அப்ப எங்க பெரியம்மாவோட கடைசிப் பையனை எதுல எழுதுவீங்க? பெரியம்மாவைத் தென்னூர்ல குடுத்திருக்கு. அவனும் இப்படித்தான் தொடையைப் புடிச்சுப் புடிச்சு எந்திரிப்பான். போன மாசம் போயிட்டான்."

தென்னூர்ப் பையன் என் ரிஜிஸ்டரில் நாலாவது ஆள். அவனுக்கு நேரேயும் "இல்லை" அழகாக இருந்தது. அவன் தகப்பனார் பொய் சொல்லவில்லை. "உங்க வம்சத்துல யாருக்காவது உண்டுங்களா?" என்று நான் கேட்டேன். அவர் தன் வம்சத்தை நினைத்துப் பார்த்து, இல்லை என்றார். மற்ற தகப்பனார்களும் அப்படியே.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மாவை ஒண்ணும் செய்யாம, அவ வழியா பையனுக்கு வர்ற வியாதின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. யாரைக் கேட்டீங்க?"

"வீட்டுக்குப் பெரியவங்களை."

"மீசை இருந்தா பெரியவங்களா?"

மறுபடியும் சைக்கிள். இந்தத் தடவை அடுக்களைப் பக்கம் நின்று கேட்டேன். உங்க பொறந்த வீடு எது, உங்க அம்மாவுக்குப் பொறந்த வீடு எது, அவங்க கூடப் பொறந்தவங்களை எங்கே குடுத்திருக்கு? அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே நாலு தலைமுறையைச் சொன்னார்கள். சீக்கிரம் போய்விட்ட பையன்களையும் வரிசை தப்பாமல் சொன்னார்கள். அதுவரை அவர்களை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் அதையெல்லாம் வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். முன்பக்கத்தில் காட்டூர், தென்னூர், லால்குடி, அடையவளஞ்சான் தெரு என்று நாலு பையன்கள். நாலு இனிஷியல், நாலு பூர்வீகம். பின்பக்கத்தில் கோடுகள் வட்டம் வட்டமாக மேலே ஏறி, ஒரே வட்டத்தில் போய் நின்றன. அந்த அம்மாளின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. முசிறிப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது.

கல்யாணமானால் பெண்ணுக்கு இனிஷியல் மாறுகிறது, விலாசம் மாறுகிறது, குலதெய்வம்கூட மாறுகிறது. இது மட்டும் யாரையும் கேட்காமல் கூடவே போயிருக்கிறது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது, எதைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை. காவிரி, கொள்ளிடம் என்று உவமையும் வந்தது. என்னைப் போல ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவன் அந்த ஆசையை அடக்கப் பழக வேண்டும். அடக்கினேன்.

காட்டூர்ப் பெண் வந்து அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "என் ஜாதகம்தான் புள்ளையைப் படுத்துதுன்னு மாமியார் சொல்றாங்க. இத்தனை பேர் ஜாதகமும் ஒண்ணாவா இருக்கும்?" பிறகு தன் வட்டத்துக்குப் பக்கத்து வட்டத்தில் விரலை வைத்தார். "இது என் தங்கச்சி. ஸ்ரீரங்கத்துல டீச்சர். ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கு. இது வெளியில தெரிஞ்சா நின்னுடும். அவ பேரை எழுதாதீங்க."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"நோட்டுக்குத் தெரிய வேண்டாம்," என்றார் அவர். "ஆனா உங்க தங்கச்சிக்குத் தெரியணும். அதை நீங்கதான் சொல்லணும்."

வட்டம் காலியாகவே கிடந்தது. ஆடி மாதம் அந்தத் தங்கை தனியாக வந்தார். கையில் குடை, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் கட்டு.

"இதுல நான் எது?"

காட்டினேன்.

"இதுல வட்டமா இருக்கிற எல்லாருமே இதைச் சுமந்தவங்களா?"

"இல்லைம்மா," என்றார் டாக்டரம்மா. "சுமக்காதவங்களும் உண்டு. நீங்க எந்தப் பக்கம்னு சொல்ல இன்னிக்கு என்கிட்ட வழி இல்லை."

டீச்சர் தலையை ஆட்டினார். "எனக்குப் பார்த்திருக்கிறவர்கிட்ட நேத்து சொல்லிட்டேன். யோசிக்கணும்னார். யோசிக்கட்டும்."

"பேர் வேண்டாம்னு உங்க அக்கா..." என்று இழுத்தேன்.

"எங்க அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி யாராவது எழுதி வெச்சிருந்தா, அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கும். பேனாவைக் குடுங்க சார்."

கொடுத்தேன். இனிஷியல் போடும் இடத்தில் பேனா நின்றது. முன்பக்கத்தைப் புரட்டி என் கட்டங்களைப் பார்த்தார், மறுபடி பின்பக்கம் வந்தார். தன் அம்மாவின் பெயருடைய முதலெழுத்தைப் போட்டு, புள்ளி வைத்து, பக்கத்தில் தன் பெயரை எழுதினார். டீச்சர் என்று சொல்ல முடியாத கையெழுத்து. எழுத்து வட்டத்துக்கு வெளியே வழிந்தது. அந்த ரிஜிஸ்டரில் நான் எழுதாத ஒரே பெயர் அது. நான் எழுதிய எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஆவணியில் கல்யாணம் நடக்கவில்லை. தையில் நடந்தது, அதே மாப்பிள்ளையோடு. எனக்கும் பத்திரிகை வந்தது. அதில் தகப்பனார் இனிஷியல்தான் இருந்தது.