ஓடு உரிக்கும் நாள்

இறால் குளக்காரர் விறுவிறுவென்று கரையைச் சுற்றி வருகிறார். கயிற்றை இழுத்து, தண்ணீருக்குள் இறக்கியிருக்கும் தீவனத் தட்டைத் தூக்குகிறார். அதில் ஏறியிருக்கும் இறால் ஒன்றை எடுத்து, முதுகைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விடுகிறார். ஓடு கடினமாகத்தான் இருக்கிறது, இன்னும் உரிக்கவில்லை. மறுபடி நடை. விடிந்ததிலிருந்து இது ஏழாவது சுற்று.

உட்காருவது என்பது இவர் ஜாதகத்திலேயே இல்லை. சாப்பாடும் நின்றபடிதான். "காலை என்ன வாடகைக்கா எடுத்திருக்கீங்க, தேய்ஞ்சாப் பரவாயில்லன்னு?" என்று மனைவி கேட்பார். பதில் சொல்ல ஆள் அங்கே இருக்க மாட்டார்.

பக்கத்து வயலில் மருந்து அடித்தால் வரப்பில் போய் நிற்பார். எல்லாம் பட்ட பாடு. மூன்று வருடங்களுக்கு முன், இதே குளத்தில் மீன் வளர்த்தபோது, நரம்பைத் தாக்கும் மருந்து வாய்க்கால் வழியே வந்துவிட்டது. மீன்கள் சுழன்று சுழன்று நீந்தி, மதியத்துக்குள் மல்லாந்தன. இவர் சண்டைக்குப் போகவில்லை. மீனுக்கு ஆகாததை இனி அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயல்காரர் தங்கமான மனிதர். நாலு இடத்தில் விசாரித்து, மீனைத் தொடாத மருந்துக்கு மாறிவிட்டார்.

பிறகு இவர் இறாலுக்கு மாறினார். வயல்காரரின் புது மருந்து இறாலுக்கு ஆகுமா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அந்தப் புது மருந்து நரம்புப் பக்கமே போகாது. பூச்சி பழைய ஓட்டைக் கழற்றும் நேரத்தில் புது ஓடு உருவாக விடாமல் செய்துவிடும். மீனுக்கு ஓடு இல்லை, தப்பித்துக்கொள்ளும். இறாலுக்கு இருக்கிறதே! போன வாரத்து மழையில் வரப்பு உடைந்து வயல் தண்ணீர் குளத்தில் இறங்கிவிட்டது. அன்றே தண்ணீரை மாற்றினார். ஆனாலும் உடம்பில் எவ்வளவு ஏறியதோ, யாருக்குத் தெரியும்? இறால்கள் நன்றாகத் தின்கின்றன, துள்ளுகின்றன. உரிக்கும் நாள் வந்தால்தான் குளம் பிழைக்குமா என்று தெரியும்.

"மீனுன்னா மதியத்துக்குள்ள சொல்லிடும். இது வாயே திறக்கல சார்," என்கிறார், பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வந்த என்னிடம். "நான் கேட்டுத்தான அவர் மாத்தினாரு? அவரை என்னன்னு சொல்றது?"

புட்டியை மூடுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

எட்டாவது சுற்று. தட்டைத் தூக்குகிறார். ஓர் இறால் தன் ஓட்டுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. தலை வெளியே வந்துவிட்டது, வால் வரவில்லை.

கரையில் அப்படியே உட்காருகிறார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தால் ஓட்டை மெல்ல மெல்லக் கழற்றிவிடத் தொடங்குகிறார்.