அண்டா ஏறாத வேன்

வண்டி பார்க்கப் போகிறவர்கள் அண்டாவோடு போவார்களா? நாங்கள் போனோம். வண்டூரிலிருந்து போர்ட் பிளேர் போகும் பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லி கண்டக்டர் கேலி செய்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மட்டும் அண்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

படகுத்துறையில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது அம்மாவின் தொழில். அதை வாடகை வண்டியில் கொண்டுபோவது சித்தப்பா. வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார். டீக்கடையைக் கண்டால் இறங்கிவிடுவார். சோறு ஆறி அவலாய்ப் போய்ச் சேரும். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று படகுக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. சொந்த வண்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் சித்தப்பா. அதை ஓட்டப்போவதும் அவர்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம் ஒருவர் குடும்பத்தோடு தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் போவதால் தன் இரண்டு வண்டிகளையும் விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒன்று நீளமான பிக்கப். இன்னொன்று, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு சாமான் ஏற்றிக்கொண்டிருந்த குட்டி வேன். சித்தப்பா போன வேகத்தில் பிக்கப்பின் அடியில் படுத்து ஸ்பேனரால் தட்டத் தொடங்கினார். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் வண்டியை அடியிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

"ஜங்க் பில்குல் நஹி, பாபி!" என்று, துருவே இல்லை என்பதற்கு அம்மாவிடம் சத்தியம் செய்தார் விற்பவர்.

"அது கெடக்கட்டும். மொதல்ல அண்டாவ ஏத்திப் பாருங்க" என்றாள் அம்மா.

பிக்கப்பில் அண்டா சுலபமாக ஏறியது. அதற்குள் அம்மா, வெயில் தாங்கவில்லை என்று என்னையும் இழுத்துக்கொண்டு முன்னால் ஏறி, ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். அவள் குள்ளம். நிமிர்ந்தால் கால் கிளட்சை எட்டவில்லை. நுனிக்கு நகர்ந்தால் ரோடு தெரியவில்லை. இறங்கிவிட்டாள்.

குட்டி வேனில் அண்டா ஏற மறுத்தது. அப்பாவும் சித்தப்பாவும் அதைச் சாய்த்தார்கள், படுக்க வைத்தார்கள், திருப்பினார்கள். "அண்ணே, இந்தாண்ட தூக்கு... அரே, ருக்கோ ருக்கோ!" என்று, நிறுத்தச் சொல்லி சித்தப்பா கத்தினார். பின்கதவை அடைத்துக்கொண்டு அண்டா நின்றதில் அவர்கள் முகமே எங்களுக்குத் தெரியவில்லை.

முன்னால் அம்மா சீட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிளட்சை அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எட்டுதுடி" என்றாள் மெதுவாக. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. "அப்பாகிட்ட சொல்லாத."

ஊரான் வண்டியில் உட்கார்ந்து விளையாடியதற்கு அப்பா திட்டுவார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இறங்கியவள், "இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

சித்தப்பா வேர்க்க விறுவிறுக்க நின்றார். "என்ன அண்ணி, அண்டாவே ஏறலயே!"

"சின்ன அண்டா ரெண்டு வாங்கிக்கலாம் தம்பி."

விலை குறைவு என்பதால் அப்பா தலையாட்டினார். பேசி முடித்துவிட்டு வந்த பஸ்ஸில் அண்டாவும் எங்களோடு திரும்பியது. "உங்கம்மாவுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்" என்று அப்பா பெருந்தன்மையாகச் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

காய் வாங்கப் போகிறேன் என்று போர்ட் பிளேருக்கு பஸ் ஏறிய காலைகளில் அவள் டிரைவிங் ஸ்கூலுக்கும் போய்க்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. வேன் வீட்டுக்கு வந்த மறுநாள், சித்தப்பா குளித்துவிட்டு வருவதற்குள் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு அவளே கிளம்பிவிடப் போகிறாள் என்பதும் தெரியாது. குட்டி வேனில் ஏறாது என்று தெரிந்தேதான், அப்பாவும் சித்தப்பாவும் அதோடு மல்லுக்கட்டும் நேரத்தில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அந்த அண்டாவைத் தூக்கி வந்தாள் என்பது புரிய எனக்கு இன்னும் பல வருஷங்கள் ஆயின. பஸ்ஸில் அன்று நான், பாவம் இந்த அண்டா, இவ்வளவு தூரம் வீணாக வந்துவிட்டுப் போகிறதே என்று அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.